உங்க கம்ப்யூட்டருக்கு எந்த லினக்ஸ்?



இந்தத் தடவை சுவரிதழுக்கு ஒரு கணினிக் கட்டுரை வேணும்னு கேட்டாங்க. எல்லாருக்கும் உபயோகப்படற மாதிரி இருக்கணும்னு யோசிச்சு இந்த விஷயத்தை எடுத்திருக்கேன். அதுக்குக் காரணம் இருக்கு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிஞ்சுபோச்சு. அடுத்ததான விண்டோஸ் 11 போடணும்னா குறைஞ்சது 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு எல்லாம் வேணும். நம்மில் பல பேர் வீட்டில் இருக்கிற பழைய லேப்டாப்பில் இதெல்லாம் கிடையாது. புதுசு வாங்கலாம்னா முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல ஆகும். மரவள்ளி வித்த காசை அப்படியே கொண்டுபோய் கடையில் கொட்டணும்!

அப்போ பழசை எடைக்குப் போட்டுடறதா? வேண்டாம். லினக்ஸ் என்று ஒரு வழி இருக்கு. காசு கிடையாது. ஆனா லினக்ஸில் நூத்துக்கணக்கான வகை இருக்கு. எதை எடுக்கிறது, எப்படி மாறுறது, எங்கே இடிக்கும் என்று எனக்குத் தெரிஞ்சதை எழுதியிருக்கேன்.

நாமக்கல் லாரியும் லினக்ஸும்

இயக்க அமைப்பு (ஆபரேட்டிங் சிஸ்டம்) என்றால் கம்ப்யூட்டரின் உறுப்புகளையும் நாம் போடுற சாஃப்ட்வேரையும் சேர்த்து வேலை வாங்குகிற அடிப்படை மென்பொருள். விண்டோஸ் ஒரு வகை. லினக்ஸ் இன்னொரு வகை.

"லினக்ஸ்னா ஒண்ணுதானே, அப்புறம் ஏன் உபுண்டு, மின்ட், டெபியன்னு இத்தனை பேரு?" என்று என்கிட்ட நிறைய பேர் கேட்டிருக்காங்க. இதுக்கு நம்ம ஊர் லாரியே நல்ல உதாரணம். கம்பெனியில் இருந்து லாரி வரும்போது எஞ்சினும் சேஸியும்தான் வரும். பாடி கட்டுறது நாமக்கல், திருச்செங்கோடு பட்டறையில். ஒரே மாதிரி சேஸியில் ஒருத்தர் சரக்கு லாரி கட்டுவார், ஒருத்தர் டேங்கர் ஏத்துவார், திருச்செங்கோட்டுக்காரர் போர் போடுற ரிக் வண்டி ஆக்கிடுவார். எஞ்சின் ஒண்ணு, வேலை வேற வேற.

லினக்ஸும் அப்படித்தான். எஞ்சின், சேஸி மாதிரி இருக்கிற பகுதிக்கு கெர்னல் என்று பேர். 1991 ஆகஸ்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படிச்சுக்கிட்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயசு மாணவர் இதை எழுதுவதாக அறிவிச்சார். அதுக்கு முன்பே, 1983-இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ என்ற திட்டத்தை அறிவிச்சு, கெர்னலைச் சுத்தித் தேவைப்படுற மத்த கருவிகளைச் செய்ய ஆரம்பிச்சிருந்தார். ரெண்டும் சேர்ந்ததுதான் குனூ/லினக்ஸ். இதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தினதை அடுத்தவங்களுக்கும் கொடுக்கலாம். இதைத்தான் ஓப்பன் சோர்ஸ், கட்டற்ற மென்பொருள் என்கிறாங்க.

அந்த எஞ்சின் மேல பாடி கட்டினவங்க பல பேர். 1993-இல் டெபியன் வந்துச்சு. அதை வச்சு 2004-இல் உபுண்டு. உபுண்டுவை வச்சு 2006-இல் லினக்ஸ் மின்ட். தாத்தா, அப்பா, பேரன் மாதிரி! 2007-இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியனை வச்சே இந்திய மொழிகளுக்காக 'பாஸ்' என்ற லினக்ஸை வெளியிட்டது. அதோட உருவாக்கத்தில் சென்னைக்கு முக்கியப் பங்கு உண்டு.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லீங்க!

2000-களில் நம்ம மாநிலத்து மேல்நிலைக் கணினி அறிவியல் பாடத்தில் ஸ்டார் ஆபீஸ் பாடமா இருந்துச்சு. இன்னைக்கு நாம பயன்படுத்துற லிப்ரே ஆபீஸுக்கு அதுதான் மூதாதை. 2007 வாக்கில், சி. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். மேலாண்மை இயக்குநரா இருந்தப்போ, எல்காட் நிறுவனம் தன் அலுவலகத்தையே சூஸி லினக்ஸுக்கு மாத்தினதோடு, பள்ளிகளுக்கு வாங்கின ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களையும் அந்த லினக்ஸோடு வாங்கினது. (நம்ம சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் ஐ.டி. பூங்கா வச்சிருக்கிற அதே எல்காட்தான்!) 2011-இல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ரெண்டுமே இருந்துச்சு. இப்ப நம்ம பதினோராம் வகுப்புப் புத்தகத்திலும் விண்டோஸுக்கு அடுத்தபடியா உபுண்டு பாடம் இருக்கு.

இவ்வளவும் இருந்தும், எங்க தெருவில் அந்த லேப்டாப் வாங்கின அண்ணன், அக்காக்களைக் கேட்டால், "பாஸா? அது என்னமோ திறக்கும்போது ரெண்டு பேர் காட்டும். நாங்க கீழ போனதே இல்லை" என்கிறாங்க. சில பேர் சர்வீஸ் கடையில் கொடுத்து அதை எடுத்துட்டு விண்டோஸ் மட்டும் போட்டுக்கிட்டாங்க. அது கெட்ட சாஃப்ட்வேர் என்பதால் இல்லை. ஒரு சந்தேகம்னா கேட்கிறதுக்கு அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. விண்டோஸ் தெரிஞ்சவங்க தெருவுக்கு ரெண்டு பேர் இருந்தாங்க. அவ்வளவுதான் விஷயம். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வருது.

ஒரே லேப்டாப்பில் மூணு லினக்ஸ்

எங்க பெரியப்பா பையன் அண்ணாவுக்கு 2013-இல் கிடைச்ச இலவச லேப்டாப் இப்ப என்கிட்ட இருக்கு. 2 ஜிபி ராம்தான். அதில் இருந்தது விண்டோஸ் 7. அதுக்கு ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிஞ்சுபோச்சு. பாடத்துக்கு சி++, பைத்தான் போட்டுப் பார்க்கணும். அதனால நானும் அண்ணாவும் உட்கார்ந்து ஒவ்வொரு லினக்ஸாப் பார்த்தோம். எல்லாத்தையும் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்த்தோம். ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே இல்லை. (லினக்ஸில் இந்த வசதி ஒண்ணு போதும், கும்பிடலாம்!)

ஏற்கெனவே லேப்டாப்பில் இருந்த பழைய பாஸ்: தமிழ் மெனு எல்லாம் நல்லாவே இருந்துச்சு. ஆனா எந்த லினக்ஸ் பதிப்புக்கும் ஒரு ஆயுள் உண்டு. பத்து வருஷத்துக்கு முந்தின பதிப்பில் இன்னைக்கு இருக்கிற பிரவுசரை ஏத்த முடியாது. பாஸ் வேணும்னா புதுப் பதிப்பைத்தான் எடுக்கணும்.

உபுண்டு: பார்க்க அழகு. புத்தகத்தில் இருக்கிற படமும் திரையும் ஒத்துப்போகும். ஆனா உபுண்டுகாரங்களே 4 ஜிபி ராம் வேணும்னு எழுதியிருக்காங்க. எங்க லேப்டாப்பில் சும்மா திறந்து வச்சாலே பாதி ராமுக்கு மேல தின்னுடுச்சு. பிரவுசரைத் திறந்தா மாட்டு வண்டி மேடு ஏறுற மாதிரி ஆயிடுச்சு.

லுபுண்டு: இதுவும் உபுண்டு குடும்பம்தான். ஆனா எடை குறைஞ்ச பாடி. மூணிலும் வேகம் இதுதான். ஒரே விஷயம், நீண்ட கால ஆதரவுப் பதிப்புக்கு உபுண்டு 5 வருஷம் அப்டேட் கொடுத்தா, லுபுண்டு 3 வருஷம்தான் கொடுக்குது.

லினக்ஸ் மின்ட், எக்ஸ்.எஃப்.சி.ஈ. பதிப்பு: குறைஞ்சது 2 ஜிபி ராம் போதும் என்கிறாங்க. கீழே இடது மூலையில் மெனு, பக்கத்தில் திறந்திருக்கிற ஜன்னல்கள் என்று விண்டோஸ் 7 மாதிரியே இருக்கும். எங்க அம்மா யாரும் சொல்லித்தராமலே போட்டோ இருக்கிற ஃபோல்டரைத் திறந்துட்டாங்க! மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. எங்க வீட்டில் இதுதான் ஜெயிச்சது.

இதனால உபுண்டு மட்டம், மின்ட் உசத்தி என்று அர்த்தம் இல்லை. 8 ஜிபி ராம் இருக்கிற வீட்டில் உபுண்டுவே போதும். ரிக் வண்டியில் முட்டை ஏத்த முடியாது, முட்டை வண்டியில் போர் போட முடியாது.

எங்கே இடிக்கும்?

லினக்ஸை மட்டும் புகழ்ந்துட்டுப் போனா அது விளம்பரம் ஆயிடும். கஷ்டத்தையும் சொல்லணும்.

முதலாவது, தமிழ் எழுத்து. எங்க ஊர் டி.டி.பி. கடை அக்காகிட்ட, "அக்கா, நீங்களும் லினக்ஸ் போட்டுக்கலாமே"ன்னு கேட்டேன். அவங்க சிரிச்சுக்கிட்டே, "அது சரி கண்ணு, பதினைஞ்சு வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை அத்தனையும் பேஜ்மேக்கர்ல கிடக்குதே, அதை யாரு திறக்கறது?"ன்னாங்க. நியாயமான கேள்வி. பேஜ்மேக்கருக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. அதோட பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வச்சிருப்பாங்க. அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தா, பொண்ணு மாப்பிள்ளை பேர் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாத் தெரியும். (விண்டோஸிலும் இதே கதைதான்.) யூனிகோடில் அடிச்சு வச்ச தமிழ் எங்கே போனாலும் தமிழாவே தெரியும். தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏத்துக்கிச்சு. லினக்ஸில் தமிழ்99 விசைப்பலகையையும் போட்டுக்கலாம். ஆக, பழைய எழுத்துருவில் இருக்கிறதை யூனிகோடுக்கு மாத்தி வைக்கிறதுதான் முதல் வேலை. லினக்ஸுக்கு மாறாதவங்களுக்கும் இது நல்லது.

இரண்டாவது, சில சாஃப்ட்வேர். கோழிப்பண்ணை ஆபீஸ், லாரி ஆபீஸ் எல்லாத்திலும் கணக்கு டேலியில்தான் ஓடுது. டேலி விண்டோஸுக்கானது. வைன் மாதிரி சில குறுக்கு வழி இருக்கு, ஆனா சம்பளக் கணக்கு போடுற இடத்தில் குறுக்கு வழி வேண்டாம். அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸே இருக்கட்டும்.

மூணாவது, பிரிண்டரும் வைஃபையும். சில பிரிண்டர் செருகின உடனே வேலை செய்யும். சிலதுக்கு டிரைவரே கிடைக்காது. வைஃபை சில லேப்டாப்பில் முதலில் வராது. அப்போ செல்போனை யு.எஸ்.பி. ஒயரில் மாட்டி, போனின் இன்டர்நெட்டை வச்சே டிரைவரை இறக்கிக்கலாம்.

நாலாவது, பழக்கம். இது சாஃப்ட்வேர் கோளாறு இல்லை, ஆனா பல பேர் திரும்பிப் போறது இதனாலதான். 'சி டிரைவ் எங்கே?' 'எம்.எஸ். வேர்டு எங்கே?' என்று முதல் ஒரு வாரம் கை தடுமாறும். லிப்ரே ஆபீஸ் வேர்டு ஃபைலைத் திறக்கும். ஆனா அட்டவணை, படம் நிறைய இருந்தா இடம் மாறிப்போகும். அப்படிப்பட்டதை வேற யாருக்காவது அனுப்பணும்னா பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்க.

இரண்டு ஊர்க் கதை

ஒரு வீட்டில் மாறுறது வேற, ஒரு ஊரே மாறுறது வேற. பக்கத்து மாநிலமான கேரளாவையும், ஜெர்மனியின் மியூனிக் நகரத்தையும் பாருங்க.

கேரளாவில் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டம் 2000-களின் நடுவில் பள்ளிகளை லினக்ஸுக்குக் கொண்டுபோச்சு. அவங்க கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டதோடு நிக்கலை. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தாங்க. பாடப்புத்தகத்தை அதை வச்சே எழுதினாங்க. பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வையும் அதிலேயே வச்சாங்க. 2017-இல் அந்தத் திட்டம் 'கைட்' என்ற நிறுவனம் ஆச்சு. 2019-இல் சுமார் 2 லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குப் புதுப் பதிப்பைப் போட்டப்போ, உரிமக் கட்டணத்தில் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னாங்க.

மியூனிக் நகராட்சி 2003-இல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாத்துச்சு. 'லிமக்ஸ்' என்று அதுக்குப் பேரும் வச்சாங்க. ஆனா சில துறைகளுக்கு வேணுங்கிற சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டுமே ஓடுச்சு. வெளியில் இருந்து வர்ற ஃபைல்கள் சரியாத் திறக்கலை என்ற புகாரும் தொடர்ந்துச்சு. அரசியலும் சேர்ந்துக்கிச்சு. 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போக நகர மன்றம் முடிவு செஞ்சது. 2020-இல் வந்த புதுக் கூட்டணி, முடிஞ்ச இடத்தில் எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தான் என்று மறுபடியும் சொல்லுச்சு! அதே ஜெர்மனியின் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் 2024-இல் சுமார் 30,000 அரசுக் கம்ப்யூட்டர்களை லிப்ரே ஆபீஸ், லினக்ஸ் பக்கம் கொண்டுபோகப் போவதா அறிவிச்சது.

இதில் இருந்து நான் புரிஞ்சுக்கிட்டது இதுதான். கம்ப்யூட்டரை மாத்துறது ஒரு நாள் வேலை. மனுஷங்களை மாத்துறதுக்கு வருஷம் ஆகும். பாடம், ஆசிரியர், தேர்வு மூணும் சேர்ந்து மாறின இடத்தில் லினக்ஸ் நின்னுச்சு. லேப்டாப்பில் சும்மா போட்டு மட்டும் கொடுத்த இடத்தில் நிக்கலை. எங்க தெரு அதுக்குச் சாட்சி.

சரி, உங்களுக்கு எது?

1. 2 ஜிபி ராம், பழைய லேப்டாப்: லினக்ஸ் மின்ட் எக்ஸ்.எஃப்.சி.ஈ. அல்லது லுபுண்டு.
2. 4 ஜிபி அல்லது அதுக்கு மேல, விண்டோஸ் பழகினவங்க: லினக்ஸ் மின்ட் சின்னமன்.
3. 8 ஜிபி, புத்தகத்தில் இருக்கிற மாதிரியே படிக்கணும்: உபுண்டு.
4. இந்திய மொழிகள் முதலிலேயே தயாரா இருக்கணும்: பாஸ், புதுப் பதிப்பு.
5. அடிக்கடி மாறாம வருஷக்கணக்கா அப்படியே ஓடணும்: டெபியன்.
6. டேலி, பேஜ்மேக்கர் வச்சுத்தான் பிழைப்பு: விண்டோஸை விடாதீங்க. வேணும்னா பக்கத்தில் லினக்ஸும் போட்டுக்கோங்க.

ஒரு குறிப்பு: உங்க பிராசஸர் 64-பிட்டா என்று பாருங்க. உபுண்டு 2017-இலேயே 32-பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்திடுச்சு. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-உம் 32-பிட் இன்ஸ்டாலரை நிறுத்திடுச்சு. விண்டோஸ் 32-பிட்டா இருந்தாலும் பிராசஸர் 64-பிட்டா இருக்கலாம். அதனால பிராசஸர் பேரை வச்சுத் தேடிப் பாருங்க.

மாத்துறதுக்கு முன்னாடி

1. போட்டோ, பாட நோட்ஸ் எல்லாத்தையும் வேற டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுங்க. இதைச் செய்யாம அடுத்த வரிக்குப் போகாதீங்க.
2. வேணுங்கிற லினக்ஸை அதோட சொந்த இணையதளத்தில் இருந்தே இறக்குங்க. மின்ட் சுமார் 3 ஜிபி வரும். 8 ஜிபி பென் டிரைவ் போதும்.
3. பென் டிரைவில் இருந்து ஓட்டி வைஃபை, சவுண்டு, பிரிண்டர், தமிழ் டைப்பிங் நாலையும் சோதிங்க. ரெண்டு, மூணு நாள் இப்படியே பழகலாம்.
4. பிடிச்சிருந்தா மட்டும் இன்ஸ்டால். 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்று ஒரு வழி கேட்கும். அதை அழுத்தினா உள்ளே இருக்கிற எல்லாம் போயிடும். ரெண்டும் வேணும்னா 'விண்டோஸுடன் சேர்த்து' என்பதை எடுங்க. ஒரே காட்டில் வரப்புப் போட்டு ஒரு பக்கம் சோளம், ஒரு பக்கம் கடலை வைக்கிற மாதிரிதான்.
5. ஒரு மாசம் பொறுங்க. தினம் ஒரு லினக்ஸ் மாத்திக்கிட்டே இருந்தா எதுவும் பழகாது.
6. சந்தேகம் கேட்க ஆள் வேணும். தமிழிலேயே படிக்கணும்னா 2012-இல் ஆரம்பிச்ச 'கணியம்' என்ற கட்டற்ற மென்பொருள் மின்னிதழும் அவங்க வெளியிட்ட இலவசப் புத்தகங்களும் இருக்கு.

கடைசியா, நம்ம ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். லேபில் ஓரமா வச்சிருக்கிற பழைய கம்ப்யூட்டர்களில் ரெண்டே ரெண்டில் லினக்ஸ் போட்டுப் பார்க்க எங்களுக்கு அனுமதி கொடுங்க. சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சதும் அரை மணி நேரம் போதும். பதினோராம் வகுப்புக்கு சி++ கம்பைலர், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான், ஒன்பது, பத்துப் பசங்களுக்குத் தமிழ்99 டைப்பிங். நான் மின்ட் போடத் தெரிஞ்சவன். எனக்குத் தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்லித்தர்றேன். அந்த நாலு பேர் தங்கள் தெருவில் நாலு பேருக்குச் சொன்னா, அடுத்த வருஷம் ஒரு லேப்டாப்பும் எடைக்குப் போக வேண்டாம்.

வீட்டில் பழைய லேப்டாப் வச்சிருக்கிறவங்க, ராம் எத்தனை ஜிபி என்று மட்டும் ஒரு சீட்டில் எழுதி எங்க வகுப்புக்குக் கொண்டுவாங்க. மத்ததைச் சேர்ந்து பார்த்துக்கலாம்.



இப்படிக்கு,
பதினோராம் வகுப்பு மாணவன்,
கணினி அறிவியல் பிரிவு.